கட்டும் காத்திருப்பும்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் உள்ள வீரமாகாளியம்மன் கோயிலைப் பழைய தலைமுறையினர் 'சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்' என்று வழங்கினர். அவ்வட்டாரத்தில் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தமையால் அப்பெயர் ஏற்பட்டது. காளவாயில் வெந்த சுண்ணாம்பு இந்நகரின் வீடுகளாகவும் கடைகளாகவும் வழிபாட்டிடங்களாகவும் எழுந்து நின்றது. அதனைச் சுமந்தவர்களிலும், சாரத்தின்மேல் நின்று சுவரில் பூசியவர்களிலும் தென்னாட்டிலிருந்து வந்த உழைப்பாளர் பலர் இருந்தனர்.

நகரம் எழுந்த கதையைப் பலர் எழுதியுள்ளனர். ஆனால், சாரத்திலிருந்து விழுந்தவனுடைய காலைக் கட்டியவர் யார்? வண்டி சாய்ந்து தொடை முறிந்தவன் எத்தனை நாள் படுத்துக் கிடந்தான்? அந்நாள்களில் அவனை நம்பியிருந்தோர்க்குச் சோறிட்டவர் யார்? இத்தகைய வினாக்கள் வரலாற்று நூல்களில் மிகுதியாக எழுவதில்லை. கத்தி வைக்காமல் முறிந்த எலும்பைச் சேர்க்கும் மருத்துவத்தின் வரலாறு இவ்வினாக்களோடு பிணைந்தது. அது கட்டின் வரலாறு. காத்திருப்பின் வரலாறும் ஆகும்.

எலும்பின் இயல்பு

முறிந்த எலும்பை மருத்துவர் ஒட்ட வைத்தார் என்று உலக வழக்கில் கூறுவதுண்டு. உண்மையில் ஒட்டும் தொழிலைச் செய்வது உடலே. முறிந்த இடத்தில் முதலில் குருதி கசிந்து உறைகிறது. சில நாள்களில் அவ்வுறைவினுள் நுண்ணிய குருதிக் குழாய்களும் புதிய உயிரணுக்களும் புகுகின்றன. இரண்டு, மூன்று வாரங்களில் நாரும் குருத்தெலும்பும் கலந்த மென்மையான இணைப்பு ஒன்று முறிந்த முனைகளைச் சூழ்ந்து கொள்கிறது. பின்னர் அதில் சுண்ணச்சத்துப் படிந்து இறுகுகிறது. வளர்ந்தவர்க்குக் கையெலும்பு உறுதி பெற ஏறத்தாழ 6 வாரங்கள் ஆகும். தொடையெலும்பிற்கும் கீழ்க்கால் எலும்பிற்கும் 12 வாரங்களோ அதற்கு மேலோ வேண்டும். குழந்தைகளுக்கு இக்காலம் மிகக் குறைவு.

எனவே, மருத்துவர் செய்யத்தக்கவை மூன்றே. விலகிய முனைகளை நேராக்குதல் ஒன்று. நேராகிய நிலையில் அசையாது காத்தல் மற்றொன்று. எலும்பு சேர்ந்தபின் மூட்டையும் தசையையும் மீண்டும் இயங்கச் செய்தல் மூன்றாவது. இவற்றுள் கையெலும்பை நேராக்கிக் கட்டிவிடுதல் பெரும்பாலும் எளிது. தொடையெலும்போ அவ்வாறன்று. உடலின் வலிய தசைகள் தொடையைச் சூழ்ந்துள்ளன. எலும்பு முறிந்தவுடன் அவை இறுகிச் சுருங்கி, முறிந்த முனைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறச் செய்கின்றன, கால் குறுகிவிடுகிறது. வெறுங்கட்டு அதனைத் தடுக்காது. தசையின் இழுப்பை வெல்ல, எதிர்த்திசையில் இடைவிடாத இழுப்பு வேண்டும். இவ்வாறு மாவுக்கட்டு, இழுவை என்னும் இரு முறைகளும் எலும்பின் இயல்பிலிருந்தே தோன்றின.

பண்டை மரபு

இவ்வுண்மைகளைப் பண்டையோர் அறிந்திருந்தனர் என்பதற்குச் சுசுருத சங்கிதை சான்றாகும். எலும்பு முறிவையும் மூட்டு விலகலையும் அந்நூல் வெவ்வேறாகப் பிரித்து வகைப்படுத்துகிறது. இழுத்தல், அழுத்திப் பொருத்துதல், கட்டுதல் ஆகியவற்றை முறைப்படக் கூறுகிறது. ஆல், அரசு, அத்தி, மருது முதலிய மரங்களின் பட்டையையும் மூங்கிலையும் சிம்பாக வைத்துக் கட்டச் சொல்கிறது. காலெலும்பு முறிந்தவனைப் பலகையில் கிடத்தி, உறுப்பு அசையாதபடி முளைகள் அடித்துப் பிணிக்கும் ஒரு படுக்கை முறையும் அதில் உண்டு. குளிர்காலத்தில் 7 நாளுக்கொருமுறையும், மிதமான காலத்தில் 5 நாளுக்கொருமுறையும், வெயிற்காலத்தில் 3 நாளுக்கொருமுறையும் கட்டை அவிழ்த்து மாற்ற வேண்டும் என்பது அதன் விதி. கட்டுத் தளர்ந்தால் எலும்பு நிலைகொள்ளாது. மிக இறுகினால் வீக்கமும் வலியும் சீழும் உண்டாகும் என்னும் எச்சரிக்கையும் அதில் அடங்கியுள்ளது.

தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் இக்கலை வழிவழியாக வந்த குடும்பங்களிடம் வாழ்ந்தது. குமரி மாவட்டத்தில் வர்ம ஆசான்கள் எலும்பு முறிவையும் கவனித்தனர். ஈழத்தில் இதனை 'முறிவு நெறிவு வைத்தியம்' என்றனர். ஆந்திர எல்லைக்குள் இருப்பினும், சென்னை மக்களுக்கு நன்கு தெரிந்த புத்தூர், 'புத்தூர்க் கட்டு' என்னும் தொடராகவே தமிழில் நிலைத்துவிட்டது. உளுந்து மாவும் முட்டை வெண்கருவும் குழைத்த பூச்சு, மூங்கிற் பத்தை, துணி, முறிவெண்ணெய் ஆகியவையே இம்மருத்துவர்களின் கருவிகள். பூச்சு உலர்ந்தவுடன் துணி இறுகி உறுதியாக நிற்கும்.

முட்டை வெண்கருவின் இப்பசைத்தன்மையைக் கட்டடக் கலைஞரும் அறிந்திருந்தனர். 1856 முதல் 1861 வரை சிங்கப்பூரில் இந்தியக் கைதிகளின் உழைப்பால் எழுந்த செயிண்ட் ஆண்ட்ரூ தேவாலயத்தின் சுவர்களுக்குச் 'சென்னைச் சுண்ணாம்பு' பூசப்பட்டது. சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் சருக்கரையும் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைத்த சாந்து அது. சுவருக்கு உதவிய அறிவும் காலுக்கு உதவிய அறிவும் ஒரே நாட்டிலிருந்து கடல் கடந்து வந்தவையாகும்.

குடியேறிகளின் நகரத்தில்

1825 இல் பென்கூலனிலிருந்து இந்தியக் கைதிகள் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டனர். 1873 இல் அம்முறை முடிவுறும் வரை, சாலை வெட்டுதல், கல் உடைத்தல், செங்கல் சுடுதல், கட்டடம் எழுப்புதல் ஆகிய பணிகளில் அவர்கள் ஈடுபடுத்தப்பட்டனர். அவர்களையடுத்துக் கூலித் தொழிலாளர் வந்தனர். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், நகராட்சியின் சாலைப் பணியாளர், சிராங்கூன் சாலையோரம் மாடு வளர்த்தவர், வண்டி ஓட்டியவர் என அவர்கள் பலதிறத்தினர். கண்டாங் கெர்பாவ் என்னும் மலாய்ப் பெயருக்கு எருமைத் தொழுவம் என்பது பொருள். மாடும் வண்டியும் சாரமும் சரக்கும் இருந்த இடத்தில் எலும்பு முறிவும் இருந்தது.

இன்று தேக்கா என மக்கள் வழங்கும் இவ்வட்டாரத்திற்கு மருத்துவ வரலாற்றிலும் இடமுண்டு. 1860 களில் அரசின் பொது மருத்துவமனை கண்டாங் கெர்பாவில்தான் இருந்தது. 1873 இல் வாந்திபேதி பரவியபோது அது சிப்பாய் லைன் பகுதிக்கு இடம் மாறியது. அங்கே 1882 இல் புதிய மருத்துவமனை திறக்கப்பட்டது. 1844 இல் பெர்ல் குன்றில் அடிக்கல் நாட்டப்பெற்ற டான் டோக் செங் மருத்துவமனையும், பின்னர்ச் சிராங்கூன் சாலைப் பக்கம் வந்து, 1909 இல் மௌல்மீன் சாலைக்குச் சென்றது. ஏழைகளின் மருத்துவமனை என்பதே அதன் முதற்பெயராக மக்கள் மனத்தில் நின்றது.

ஆயினும், எலும்பு முறிந்தவர் எல்லாரும் மருத்துவமனையை நாடவில்லை. சீனர் சின்சேயிடம் சென்றனர். மலாய்க்காரர் முறிவு கட்டும் பொமோவை நாடினர். தமிழர் எண்ணெயும் கட்டும் அறிந்த தம்மவரைத் தேடினர். மூவகை மருத்துவமும் பெயரில் வேறுபட்டாலும் முறையில் ஒத்திருந்தன. விரலால் தடவி முறிவை உணர்தல், இழுத்து நேராக்குதல், பூச்சிட்டுச் சிம்பு வைத்துக் கட்டுதல் என்பனவே மூவர்க்கும் பொது.

மக்கள் மருத்துவமனையை அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. எலும்பு தோலைக் கிழித்து வெளிவந்த முறிவுகளில் புண் அழுகி உயிர் போவது அக்காலத்தில் இயல்பாக இருந்தது. அதனைத் தடுக்க மேலை மருத்துவர் உறுப்பையே வெட்டி நீக்கினர். 1865 ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்டர் 11 வயதுச் சிறுவன் ஒருவனின் கால் முறிவைக் கார்பாலிக் அமிலம் தோய்ந்த துணியால் மூடிச் சிம்பு வைத்துக் காத்தார். புண் அழுகவில்லை, காலும் பிழைத்தது. அறுவை மருத்துவத்தின் புதிய காலம் ஓர் எலும்பு முறிவிலிருந்தே தொடங்கியது எனலாம்.

மாவும் எடையும்

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே கட்டின் வடிவம் மாறத் தொடங்கியிருந்தது. நெதர்லாந்து நாட்டுப் படை மருத்துவரான அந்தோனியஸ் மத்தைசன், 1851 இல் துணிப்பட்டைகளில் ஜிப்சத் தூளைத் தேய்த்து, நீரில் நனைத்துச் சுற்றும் முறையைக் கண்டார். ஜிப்சத்தைச் சுட்டால் அதிலுள்ள நீரில் நான்கில் மூன்று பங்கு வெளியேறித் தூளாகும். அத்தூள் மீண்டும் நீரைப் பெறும்போது சற்றே வெப்பம் உமிழ்ந்து சில நிமிடங்களில் இறுகிவிடும். கைகால்களின் வளைவுக்கேற்ப வழங்கி, பின் கல்லாக நிற்கும் அப்பொருள் மருத்துவர்க்குப் பெருந்துணையாயிற்று. உருசிய மருத்துவர் நிக்கோலாய் பிரோகோவ் கிரிமியப் போரில் அதனைப் பெருமளவில் பயன்படுத்தினார். தமிழர் இதற்கு 'மாவுக்கட்டு' எனப் பெயரிட்டனர். உளுந்து மாவுக் கட்டை அறிந்திருந்த மக்களுக்கு வெண்தூளைப் பூசிய இப்புதிய கட்டும் அயலாகத் தோன்றவில்லை போலும்.

தொடைமுறிவுக்கு வழிகாட்டியவர் இலிவர்பூல் நகரின் ஹியூ ஓவன் தாமஸ் ஆவார். 1834 இல் பிறந்த அவர், வேல்சு நாட்டில் வழிவழியாக எலும்பு கட்டிய குடும்பத்தவர். அவருடைய தந்தை பட்டம் பெறாத கட்டு வைத்தியர். மகனோ முறையாக மருத்துவம் பயின்றார். முறிந்த உறுப்புக்குக் குறைவற்ற, இடையறாத ஓய்வு வேண்டும் என்பது அவர் கோட்பாடு. இடுப்பெலும்பில் ஊன்றி நிற்கும் வளையமும் இருபுறமும் நீண்ட இரும்புக் கம்பிகளும் கொண்ட அவருடைய சட்டம், காலை நீட்டி இழுத்த நிலையில் காத்தது. அவர் வாழ்ந்தபோது அது பெரிதும் மதிக்கப்படவில்லை. முதல் உலகப் போரில், அவருடைய மனைவியின் உறவினரும் மாணவருமான இராபர்ட் ஜோன்சு அதனைப் போர்முனைக்குக் கொண்டு சென்றார். தொடை முறிந்த வீரர்களுள் பெரும்பாலோர் மாண்டுகொண்டிருந்த நிலை மாறி, இறப்பு ஐந்தில் ஒரு பங்களவுக்குக் குறைந்ததெனப் போர் மருத்துவர்கள் பதிவு செய்தனர். நாட்டு வைத்தியக் குடும்பத்தின் அறிவு பள்ளி மருத்துவத்தோடு கைகோத்தபோது விளைந்த பயன் இது.

இழுவை முறையும் படிப்படியாகச் செம்மையுற்றது. அமெரிக்கரான கர்டன் பக், 1861 இல் தோலின்மேல் ஒட்டுப்பட்டை சுற்றி எடை தொங்கவிடும் முறையை எடுத்துரைத்தார். தோல் ஏறத்தாழ 5 கிலோ எடைக்கு மேல் தாங்காது. எனவே, 1907 இல் ஃபிரிட்சு ஸ்டைன்மன், எலும்பின் ஊடே ஊசி செலுத்தி அதிலிருந்து எடையைத் தொங்கவிடும் வழியைக் காட்டினார். 1925 இல் வியன்னாவில் விபத்து மருத்துவமனை தொடங்கிய லாரன்சு போலர், இம்முறைகளைக் கட்டுக்கோப்பான கலையாக்கினார். 1950 இல் ஆங்கில மருத்துவர் ஜான் சார்ன்லி, அறுவையின்றி முறிவுகளைச் சேர்ப்பது குறித்து எழுதிய நூல் உலகெங்கும் மாணவர் கைந்நூலாயிற்று. கத்தி வைத்தால் மூடிய முறிவு திறந்த புண்ணாகும் என்னும் அச்சம், கிருமிக் கொல்லி மருந்துகள் பரவும் வரை மருத்துவர் மனத்தில் வலிமையாக இருந்தது.

கப்பியும் கயிறும்

சிங்கப்பூரில் 1905 இல் மருத்துவப் பள்ளி தொடங்கியது. 1926 இல் பொது மருத்துவமனை புதுக் கட்டடங்கள் பெற்றது. மருத்துவர்க்குத் துணையாக நின்று புண் கழுவியவர்களையும் கட்டுப் போட்டவர்களையும் மலாயாத் தமிழர் 'டிரசர்' என அழைத்தனர். அப்பணியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோர் பலர் இருந்தனர். அந்த யாழ்ப்பாணத்தில்தான் மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், 19 ஆம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, 'இரண வைத்தியம்' உள்ளிட்ட நூல்களைத் தமிழில் வெளிவரச் செய்தார். முறிவும் கட்டும் தமிழால் விளக்க இயலாதவை அல்ல என்பதை அம்முயற்சி மெய்ப்பித்தது.

தொடை முறிந்து இழுவையில் கிடந்தவனின் நிலையை எண்ணிப் பார்த்தல் தகும். கட்டிலின் கால்மாட்டை மரக்கட்டை வைத்து உயர்த்துவர். அவனுடைய உடலின் எடையே எதிர் இழுப்பாக அமையும். முழங்காலுக்குக் கீழே ஊசி, ஊசியிலிருந்து கயிறு, கயிறு கப்பியின்மேல் ஓடி எடையில் முடியும். உண்பதும் உறங்குவதும் கழிப்பதும் அக்கட்டிலிலேயே. எடை தரையைத் தொடாமல் இருக்கிறதா, கயிறு கப்பியிலிருந்து நழுவியதா, முதுகில் படுக்கைப்புண் தோன்றியதா என்பவற்றைத் தாதியர் நாள்தோறும் பார்த்தாக வேண்டும். மூன்று மாதம் இவ்வாறு கிடந்தபின், மெலிந்த தொடையோடும் மடங்காத முழங்காலோடும் அவன் எழுந்து நடை பயில்வான்.

எலும்பு சேர்ந்துவிடும். ஆனால், நாட்கூலி பெறுபவனுக்கு அம்மூன்று மாதமும் வருவாயற்ற காலம். ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம் நின்றது, கடன் வளர்ந்தது. வீட்டிலேயே கட்டிக்கொண்டு ஒரு மாதத்தில் வேலைக்குத் திரும்பினால் போதும் எனப் பலர் எண்ணியதற்கு அறியாமை மட்டும் காரணமன்று, வறுமையும் காரணமாகும். இளகிய இணைப்பின்மீது சுமை ஏறும்போது எலும்பு வளைந்தது. சிலர்க்குச் சேராமலே போயிற்று. 1930 களின் தொடக்கத்தில் நீரிணைக் குடியேற்றப் பகுதிகளில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. காத்திருப்பின் விலையை உழைப்பவன் ஒருவனே செலுத்தலாகாது என்னும் எண்ணம் அதன்வழிச் சட்டத்துள் நுழைந்தது.

குழந்தைகளின் காத்திருப்பு இன்னும் நெடியது. 1939 இல் சிக்லாப் கடற்கரையில் செயிண்ட் ஆண்ட்ரூ மிஷன், எலும்பு நோயுற்ற குழந்தைகளுக்கென ஒரு மருத்துவமனை திறந்தது. எலும்புக் காசநோய்க்கு மருந்து கிட்டாத அந்நாளில், ஓய்வும் மாவுக்கட்டும் நல்லுணவும் வெயிலும் கடற்காற்றுமே மருத்துவம். குழந்தைகள் அங்கே மாதக்கணக்கில் தங்கினர்.

போருக்குப் பின்னர் எலும்பியல் தனித்துறையாக வளர்ந்தது. சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் எலும்பியல் அறுவை மருத்துவப் பேராசிரியராக விளங்கிய வி. கே. பிள்ளை, பொது மருத்துவமனையில் அத்துறைக்குத் தலைமை ஏற்ற என். பாலச்சந்திரன் ஆகியோர் அதனை வளர்த்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர். சாரத்திலிருந்து விழுந்தவர்களின் இனத்திலிருந்தே அவர்களுக்கு மருத்துவம் செய்யும் பேராசிரியர்களும் தோன்றினர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

இறுக்கத்தின் எச்சரிக்கை

மாவுக்கட்டு எளிதாகத் தோன்றினும் இடர் அற்றதன்று. முறிந்த கை முதல் நாள்களில் வீங்கும். கட்டு இறுகியிருந்தால் வீக்கத்திற்கு இடமின்றிக் குருதியோட்டம் தடைப்படும். தசை மாண்டு விரல்கள் நகம் பதித்தாற்போல் மடங்கி நிலைத்துவிடும். 1881 இல் செருமானிய மருத்துவர் ரிச்சர்டு ஃபோல்க்மன் இந்நிலையைத் தெளிவாக விளக்கினார். சுசுருதர் மரபு முன்பே சுட்டிய அதே குற்றம் இது. நாட்டு வைத்தியரின் மூங்கிற் கட்டாயினும் மருத்துவமனையின் வெண்கட்டாயினும் விதி ஒன்றே. விரல் நுனி நீலமாகவோ வெளிறியோ குளிர்ந்தோ மரத்தோ போனாலும், விரலை நீட்டும்போது தாங்கொணா வலி எழுந்தாலும் ஒரு நாழிகையும் தாழ்த்தாது கட்டைத் தளர்த்தியாக வேண்டும். விடியட்டும் எனக் காத்திருந்தால் கை போய்விடும். நெடுநாள் காத்திருப்பதை வலியுறுத்தும் இம்மருத்துவத்தில், காத்திருக்கவே கூடாத தருணம் இது ஒன்று.

இன்றைய நிலை

1940 இல் செருமனியின் கெர்ஹார்டு குன்ட்ஷர், தொடையெலும்பின் உள்ளே நீண்ட ஆணி செலுத்தும் முறையை வெளியிட்டார். 1958 இல் சுவிட்சர்லாந்தில் மருத்துவர் சிலர் கூடி, தகடும் திருகும் கொண்டு எலும்பைப் பொருத்தும் முறைகளை வகுத்தனர். கிருமிக் கொல்லி மருந்துகளும் மயக்க மருத்துவமும் வளர்ந்தபின், கத்தியின் அச்சம் குறைந்தது. மூன்று மாதம் கட்டிலில் கிடந்தவன் இன்று சில நாள்களில் ஊன்றுகோலோடு எழுகிறான். முதியோரின் இடுப்பு முறிவில் இம்மாற்றம் உயிர் காப்பதாயிற்று. நெடுநாள் படுக்கை அவர்களுக்கு நுரையீரல் அழற்சியையும் குருதிக் கட்டியையும் தந்து உயிரைப் பறித்தது. ஆதலால், 48 மணி நேரத்திற்குள் அறுவை செய்து எழுப்பி உட்கார்த்துவதே இப்போது நோக்கமாக உள்ளது.

ஆயினும், பழைய முறை மறைந்துவிடவில்லை. குழந்தைகளின் கை முறிவுகளும், விலகாத மணிக்கட்டு முறிவுகளும் இன்றும் பெரும்பாலும் கட்டினாலேயே குணமாகின்றன. மாவின் இடத்தைப் பலகால் இலேசான கண்ணாடியிழைக் கட்டு பெற்றுள்ளது. சிறு குழந்தைகளின் தொடை முறிவுக்கு இழுவையும் இடுப்புக் கட்டும் இன்னும் உதவுகின்றன. எங்கே கத்தி வேண்டும், எங்கே கட்டுப் போதும் எனத் தெளிவதே இன்றைய மருத்துவரின் கலை.

சிராங்கூன் சாலையில் ஞாயிறுதோறும் கூடுகின்ற இளைஞர்கள் பலர், தமிழகத்திலிருந்தும் வங்க நாட்டிலிருந்தும் வந்து இந்நகரின் உயர்ந்த கட்டடங்களை எழுப்புகின்றனர். முன்னோர் ஏறிய சாரத்தில்தான் அவர்களும் ஏறுகின்றனர். வேலையில் நேர்ந்த காயத்திற்காக மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாள் வரை முழு ஊதியமும், அதன்பின் விபத்து நாளிலிருந்து ஓராண்டு நிறையும் வரை மூன்றில் இரு பங்கு ஊதியமும் பெறச் சிங்கப்பூரின் வேலைக்காய இழப்பீட்டுச் சட்டம் வழி செய்துள்ளது. இவ்வுரிமையை அறிந்தவன் கட்டை அவிழ்க்க அவசரப்படமாட்டான். அறியாதவனோ நூறாண்டுக்கு முந்தியவனைப் போலவே முதிராத எலும்போடு சுமை தூக்கச் செல்வான்.

எலும்பு தானே சேரும். அது இயற்கை தந்த கொடை. அதனை நேராக்கிக் கட்டுவது மருத்துவரின் கடமை. அது சேரும் வரை உழைப்பவன் அச்சமின்றிப் படுத்திருக்க இடமளிப்பது, அவன் எழுப்பிய நகரத்தின் கடமையாகும்.